ஈடுபாடு குறைவு

நன்னடத்தை அலுவலர் எங்கே இருக்கிறார் என்று அந்தத் தெருவில் கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். கையெழுத்தம்மா எங்கே என்று கேளுங்கள், செருப்புக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து மாடிப்படியைக் காட்டுவார். ஐம்பத்து நாலு வயது, கனத்த கண்ணாடி, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. இருபத்தாறு வருஷமாக அந்தப் படியை ஏறி இறங்கி முழங்கால் போய்விட்டது. அரசாங்கம் அவருக்குக் கொடுத்த முதல் பரிசு அந்த முழங்கால் வலிதான். இரண்டாவது பரிசு போன மாதம்தான் வந்தது. அது வந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவர்களில் சிலரைக் கோர்ட்டு ஜெயிலுக்கு அனுப்பாது. வீட்டிலேயே இரு, ஒழுங்காக ஒரு வேலையில் இரு, சொல்லாமல் ஊரை விட்டுப் போகாதே, வாராவாரம் போய்க் கையெழுத்துப் போடு என்று நிபந்தனை விதித்து வெளியே விடும். அப்படி வெளியே வந்தவர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் கையெழுத்தம்மாவின் அறைக்கு வருவார்கள். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்காருவார்கள். மேஜையில் பெரிய பதிவேடு, அதோடு நூலில் கட்டிப்போட்ட பேனா. ஆளையே நம்பி வீட்டுக்கு அனுப்பியவர்களுக்குப் பேனாவை நம்பிக் கொடுக்க மனசு வரவில்லை பாருங்கள்!

கையெழுத்தம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வருகிறவரிடம் "ஒழுங்கா இருக்கீங்களா, பிரச்சினை ஏதும் இல்லையே" என்றெல்லாம் கேட்கமாட்டார். அதற்கெல்லாம் பதிலை வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டுதான் வருவார்கள். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "காலையில என்ன சாப்பிட்டீங்க?" அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. என்ன சாப்பிட்டார், எங்கே சாப்பிட்டார், யார் எடுத்து வைத்தார்கள் என்று பேச ஆரம்பித்தால் ஒரு மனிதனின் பாதி வாரம் வெளியே வந்துவிடும். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனது, பழைய கூட்டாளி திரும்பி வந்தது, எல்லாம் வரும். அதை அவர் ஒரு நீல அட்டை நோட்டில், அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே குறித்து வைப்பார். அது அவருடைய சொந்த நோட்டு. கோர்ட்டுக்குப் போகிற படிவம் வேறு. அதில் நடத்தை, குடும்பச் சூழல், தொழிலில் ஈடுபாடு என்று கட்டங்கள் இருக்கும். நல்லது, சுமார், குறைவு என்று நிரப்ப வேண்டியதுதான்.

அவருடைய கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. "ஊரெல்லாம் என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்கற. என்னை ஒரு நாளாவது கேட்டிருக்கியா?" என்பார். "நான் ஆக்கினதைத்தானே சாப்பிட்டீங்க, அதுல விசாரணை வேறயா?" என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

கேஸில் பெயர் அடிபட்டவனுக்கு வேலை வாங்கித் தருவது குதிரைக் கொம்பு. கையெழுத்தம்மா கடை கடையாக ஏறி இறங்குவார். "ஆள் நல்ல ஆள்தான், ஒரே ஒரு தடவை..." என்று ஆரம்பித்ததுமே முதலாளிகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அப்படி இருக்கையில் மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு முதலாளி தானாகவே மாடியேறி வந்தார். ஆபீஸ் கட்டடங்களில் தரை துடைத்து, கண்ணாடி துடைத்துக் கொடுக்கிற துப்புரவு கம்பெனிக்காரர். "தவறினவங்களுக்கு யாராவது கை கொடுக்கணுமில்லையா மேடம்? என்கிட்ட அனுப்புங்க" என்றார். கையெழுத்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது பேரை அனுப்பினார். ஒன்பது பேரை! 'தொழிலில் ஈடுபாடு: நல்லது' என்று எழுதி எழுதிக் கை பழகிப்போயிற்று.

அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் நெட்டை. நாற்பத்தொரு வயது. எந்த வாசலிலும் தலையைக் குனிந்தே நுழைகிறவர் என்பதால் அந்தப் பெயர். ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தபோது, சிநேகிதன் கெஞ்சினான் என்று பின்வாசலைத் திறந்துவிட்டார். நாலு டயர் வெளியே போயிற்று, இவர் கோர்ட்டுக்குப் போனார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண் ஒன்று. ஒன்பது பேரில் வேன் ஓட்டத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் ஓட்டுநர் வேலை கொடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்து ரெண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பெஞ்சும் போதாமல் படிக்கட்டு வரை ஆள். நெட்டையின் முறை வந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலம்மா."

"ஏன்?"

"பசிக்கல." பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடவில்லை. "அம்மா, இந்த வேலை எனக்கு வேணாம். வேற ஏதாச்சும் பாத்துத் தாங்களேன். மூட்டை தூக்கற வேலையா இருந்தாலும் பரவாயில்ல."

"என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மாதான்."

கையெழுத்தம்மாவுக்குச் சுருக்கென்று வந்தது. எத்தனை வாசல் ஏறியும் கிடைக்காமல், தானாகத் தேடி வந்த வேலை இது! "சும்மாவா? இங்க பாருங்க, நீங்க வேலைய விட்டா நான் கோர்ட்டுக்கு எழுதியாகணும். அவங்க கூப்பிட்டு ஏன்னு கேப்பாங்க. சும்மாதான்னு அங்கயும் சொல்வீங்களா? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆறு மாசம் இருங்க."

நெட்டை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா" என்றார். கையெழுத்துப் போட்டார், தலையைக் குனிந்து வெளியே போனார்.

நன்னடத்தை அலுவலர்கள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு இது. வேறு யாராக இருந்தாலும், நல்ல வேலையை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். அந்த நாற்காலியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு வேலையில் நிற்கிறவன் திருந்துகிறவன், வேலையை விடுகிறவன் வழுக்குகிறவன், அவ்வளவுதான் கணக்கு. படிவத்தில் எழுதினார்: 'தொழிலில் ஈடுபாடு: குறைவு. அறிவுரை வழங்கப்பட்டது.' பெரிய அறிவுரை, போங்கள்!

மூன்று மாதம் போயிற்று. ஒரு செவ்வாயன்று, அதே கம்பெனியில் இருக்கும் பழைய பெயிண்டர் ஒருவர், "ரொட்டியும் முட்டையும்மா, பெட்ரோல் பங்க் கேண்டீன்ல" என்றார். எந்த பங்க் என்று கேட்டதற்கு, நெடுஞ்சாலையில் பெரிய பாலத்தைத் தாண்டி இருப்பது என்றார். அடுத்த வாரம் அதே கம்பெனியின் இன்னொரு ஆள் அதே கேண்டீனைச் சொன்னார். அதற்கடுத்த வாரம் மூன்றாவது ஆளும் சொன்னார். அந்தப் பாலம் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். காலை ஏழு மணிக்கு ஊருக்குள் தரை துடைக்க வேண்டியவர்களுக்கு அங்கே என்ன ரொட்டி?

சொல்லாமல் ஊரை விட்டுப் போனார்கள் என்று மூன்று பேர் மீதும் கோர்ட்டுக்கு எழுதித் தள்ளியிருக்கலாம். அவர் எழுதவில்லை. நெடுஞ்சாலை வழியாகப் போதைப்பொருள் வருகிறது, கவனமாக இருங்கள் என்று ரெண்டு மாதமாகச் சுற்றறிக்கை வந்துகொண்டிருந்தது. நீல நோட்டை எடுத்துக்கொண்டு போதைப்பொருள் தடுப்புப் பிரிவு இன்ஸ்பெக்டரிடம் போனார். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், சிரித்துவிட்டார்.

"மேடம், ரொட்டி சாப்பிட்டதுக்கெல்லாம் கேஸ் போட முடியுமா?"

"சாப்பிட்டவங்க மேல போட வேணாம் சார். தரை துடைக்கறவங்களை எதுக்கு அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போய் ரொட்டி வாங்கித் தராங்கன்னு பாருங்க."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. பன்னிரண்டாம் நாள் பாலத்துக்கு இந்தப் பக்கம் கம்பெனி வேனை மடக்கினார்கள். தரை துடைக்கும் மருந்து டின்களுக்கு அடியில் பொட்டலம் பொட்டலமாக இருந்தது. முதலாளியையும் சூப்பர்வைசரையும் வீட்டிலேயே வைத்துப் பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் போனில் குதித்தார்: "மேடம், நீங்க கில்லாடி!"

கையெழுத்தம்மாவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லையென்று சொல்வானேன். "வேன்ல யார் இருந்தா?" என்று கேட்டார்.

"ஒரே ஒருத்தன். பனைமரம் மாதிரி ஒரு ஆளு. வண்டி நிலை தட்டித் தட்டி நெத்தியே காய்ச்சுப் போயிருக்கு."

கையெழுத்தம்மா போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். நெட்டையின் படிவங்களைப் புரட்டினார். 'ஈடுபாடு: குறைவு' என்ற வரி கண்ணில் பட்டது. நீல நோட்டில் அதே தேதியைத் தேடினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். உள்ளே வந்த கிளார்க் என்னவோ ஏதோ என்று அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் சிறைக்குப் போய் நெட்டையைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். வேனில் பொட்டலம் இருப்பது, சாப்பிடாமல் வந்த அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்தால் உன் பெண் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்று எங்களுக்குத் தெரியும் என்றிருக்கிறார் சூப்பர்வைசர்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?" என்றார் கையெழுத்தம்மா.

நெட்டை ஆச்சரியமாகப் பார்த்தார். "சொன்னேனேம்மா. வேலை வேணாம்னு சொன்னேனே."

பொருளோடு பிடிபட்டவர். ஏற்கெனவே ஒரு கேஸ் உள்ளவர். நிரூபணமானால் பத்து வருஷம். பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிடும், அப்பா உள்ளேயே இருப்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கடிதம் வந்தது. போதைப்பொருள் வழக்குகளில் துப்புக் கொடுத்து உதவிய நன்னடத்தை அலுவலர்களுக்குப் பாராட்டு விழா. திங்கட்கிழமை, மாநாட்டு அரங்கம், காலை பத்தரை மணி. இத்தனை வருஷத்தில் அந்த வேலையில் இருப்பவர்களை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. போலீஸுக்குப் பதக்கம் உண்டு, வக்கீலுக்குப் பேர் உண்டு, இவர்களுக்கு பெஞ்சும் பேனாவும்தான். மேலதிகாரி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் கால் பாவாமல் நடந்தார். "நம்ம ஆபீஸுக்கே பெருமைம்மா!" நெட்டையை வெளியே விடலாமா, முதலாளியோடு சேர்த்து உள்ளேயே வைப்பதா என்ற விசாரணை அதே வாரம் புதன்கிழமை.

கையெழுத்தம்மா இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார்: "கோர்ட்டுல நான் உண்மையைச் சொல்லிடப் போறேன். ஈடுபாடு குறைவுன்னு நான் எழுதின குறிப்பு தப்புன்னு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், அவசரப்படாதீங்க. முதலாளி மேல கேஸ் நிக்கறதே உங்க நோட்டுலதான். நீங்களே உங்க எழுத்து தப்புன்னு சொன்னா, அவரோட வக்கீல் மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவாரு. பெரிய திமிங்கிலம் நழுவிடும். ஒரு ஆளுக்காகவா?"

அதுதான் அவரைக் குடைந்தது. பேசினால் நெட்டை வெளியே வரலாம், முதலாளியும் கூடவே வெளியே வந்துவிடலாம். பேசாவிட்டால் முதலாளி உள்ளே, நெட்டையும் உள்ளே. வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரைக் கணவர் பார்த்தார்.

"என்னங்க, திங்கக்கிழமை நான் போகல. அந்த மாலையை எப்படிக் கழுத்துல வாங்கறது?"

"போ. வாங்கிக்கோ. போகலன்னா அதுக்கு ஒரு ஃபைல் போட்டு ஏன் வரலன்னு கேப்பாங்க. புதன்கிழமை கோர்ட்டுல நிக்கத் தெம்பு வேணும், வீண் சண்டையில அதைக் கரைக்காதே." அந்த மனுஷனும் சில சமயம் உருப்படியாகப் பேசுவார்.

போனார். மாலை போட்டார்கள். கூர்மையான கண்காணிப்பு, அயராத கடமையுணர்வு என்று பாராட்டுப் பத்திரத்தை மைக்கில் வாசித்தார்கள். கை தட்டினார்கள். கையெழுத்தம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது.

புதன்கிழமை கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்தார். "இவர் தெரியாமல் மாட்டிக்கொண்டவர் அல்ல. நேர்மையான வேலையில் மனம் ஒட்டாதவர். இதோ, நன்னடத்தை அலுவலரே எழுதியிருக்கிறார்: ஈடுபாடு குறைவு. எழுதியவர் யார்? முந்தாநாள்தான் அரசின் பாராட்டைப் பெற்றவர். அவர் குறிப்பைவிட நம்பகமான சான்று வேறென்ன வேண்டும்?"

அடப்பாவி! போட்ட மாலையே தூக்குக் கயிறாகிவிட்டது. கையெழுத்தம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, அந்தக் குறிப்பு என்னோடது. அது தப்பு."

கோர்ட்டில் சலசலப்பு. அரசு வக்கீல் கோபத்தில் தன் கேஸையே மறந்து திரும்பினார். "அப்படியென்றால் உங்கள் நோட்டில் உள்ளதும் தப்பாக இருக்கலாம், இல்லையா?" அந்தப் பக்கம் முதலாளியின் வக்கீல் பாதி எழுந்தேவிட்டார், முகம் முழுக்கச் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இல்லைங்க" என்றார் கையெழுத்தம்மா. "நோட்டுல அவங்க சொன்னது இருக்கு. சொன்னது சொன்னபடி இருக்கு. படிவத்துல நான் நெனச்சது இருக்கு. தப்பு நான் நெனச்சதுலதான்." நீல நோட்டைப் பிரித்துப் படித்தார். "'சாப்பிடவில்லை. இந்த வேலை வேண்டாம் என்கிறார். மூட்டை தூக்குவதானாலும் சரி என்கிறார்.' நேர்மையான வேலை பிடிக்காதவரு எதுக்கு ஐயா மூட்டை தூக்க வரேன்னு கேக்கணும்? அவரு விலகத்தான் வந்தாரு. விட்டா கோர்ட்டுக்கு எழுதுவேன்னு மிரட்டி நான்தான் திருப்பி அனுப்பினேன். அந்தக் கம்பெனிக்கு முதல்ல அனுப்பினதும் நான்தான்."

நீதிபதி நோட்டை வாங்கினார். அந்தப் பக்கத்தைப் படித்தார், கேண்டீன் பக்கங்களையும் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். முதலாளியின் வக்கீல் எழுந்தபடியே இருந்து கால் வலித்து உட்கார்ந்தார். மத்தியானம் உத்தரவு வந்தது. நோட்டு சான்றாக அப்படியே நிற்கும். நெட்டையை வெளியே விடலாம், பழைய நிபந்தனைகள் தொடரும், முதலாளிக்கு எதிராக அவர் சாட்சி சொல்ல வேண்டும்.

தாழ்வாரத்தில் நெட்டையின் மனைவி கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். கையெழுத்தம்மாவை ஏறிட்டுப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு கணவரோடு படியிறங்கினார். அது நியாயம்தான் என்று கையெழுத்தம்மாவுக்கும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. கடமையில் கவனக்குறைவு, ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும். பாராட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதே அதிகாரிதான் இதிலும் போட்டிருந்தார். "ஒரே வாரத்துல ரெண்டும் வாங்கின ஆளு உங்க டிபார்ட்மென்ட்டுலயே நீ ஒருத்திதான்" என்றார் கணவர். கையெழுத்தம்மா சிரித்துவிட்டார். விளக்கமாக மூன்றே வரி எழுதி அனுப்பினார்: நடந்தது உண்மை, தப்பு என்னுடையது, தண்டனை எதுவானாலும் சம்மதம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நெட்டை வந்தார். கையெழுத்தம்மா பதிவேட்டை ஒதுக்கிவிட்டு, கோர்ட்டுக்குப் போகிற படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அதை வருகிறவர்களிடம் காட்டுகிற வழக்கம் அந்த ஆபீஸில் கிடையாது. "இதான் உங்களைப் பத்தி நான் எழுதறது. படிச்சுட்டு, சரியா இருந்தா இதுலயும் கையெழுத்துப் போடுங்க" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

நெட்டை படித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, கடைசி வரி. 'தன் தவறை உணர்ந்துள்ளார்'னு போட்டிருக்கீங்க."

"அது எல்லாருக்கும் எழுதற வரிதாங்க."

"எந்தத் தவறும்மா? டயர் என் தப்பு. அதை எழுதுங்க, போடறேன். வேன் என் தப்பு இல்ல. இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அப்படிச் சொன்னவர் இதுவரை ஒருவரும் கிடையாது. கையெழுத்தம்மா அந்த வரியை அடித்தார்.

"வேன் யார் தப்புன்னு எழுதட்டும்?"

"அது உங்க படிவம்மா. நீங்கதான் எழுதணும்."

கையெழுத்தம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: 'டயர் வழக்கில் தன் தவறை உணர்ந்துள்ளார். வேன் வழக்கில், விலக நினைத்தவரைத் தடுத்தது அலுவலரின் தவறு.' மறுபடியும் திருப்பி வைத்தார். நெட்டை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்து, அவசரமே படாமல் கடைசி வரை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.